நான்கு கம்ப்யூட்டரும் ஒரு சந்தனப் பொட்டும்

சாய்ந்தமங்கலத்தில் மூளைக்குத் தட்டுப்பாடு உண்டு. யோசனைக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அந்த ஊர்க் கடைத்தெருவில் கல்யாண வீடியோ எடுக்கிற கடைகள் நான்கு. நான்கையும் நடத்துகிற நான்கு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் மாசிலாமணி. அவர் கடையில்தான் சுழல் நாற்காலி இருந்தது, அதனால் அவர் தலைவர். வேறு தகுதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எடுத்துக் காட்ட அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது.

மற்ற மூவரில் அம்பலவாணன் எதையும் நெடுநேரம் யோசித்த பிறகே சொல்வார்; யோசிக்காமல் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். சூசை, சொல்கிறவர் வாயை மூடுவதற்குள் ஓடிவிடுகிற ஆள். குப்புராஜுக்குக் கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் சரி. ஆகவே சங்கக் கூட்டம் என்றால் எல்லாரும் கடைசியாகப் பேசக் காத்திருப்பார்கள், கூட்டம் பாதி நேரம் பேச்சில்லாமலே நடக்கும்.

மாசிலாமணிக்கு ஒரே மகள், மேகலை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணைப் பெற்றவர் மேடையில் நிற்க வேண்டியிருந்ததால் மற்ற மூவரும் சேர்ந்து வீடியோ எடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா தையல்நாயகி அம்மாளுக்கு ஒரு மனக்குறை. மண்டப வாசலில் தனக்கு யாரும் சந்தனம் வைக்கவில்லை, பன்னீர் தெளிக்கவில்லை என்றார். உண்மையில் மாசிலாமணியின் மனைவி செண்பகவல்லி தன் கையாலேயே வைத்திருந்தாள். புழுக்கத்தில் அம்மாள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபோது சந்தனமும் போயிற்று, வைத்த ஞாபகமும் கூடவே போயிற்று.

"வீடியோ வரட்டும், பாப்போம்," என்றார் சம்பந்தி அம்மாள். "அதுல எனக்குச் சந்தனம் வெச்சிருந்தா தலைதீபாவளிக்குக் குடும்பத்தோட வர்றோம். வெக்கலைன்னா என் மகனும் வர மாட்டான், உங்க மகளும் வர மாட்டா."

தலைதீபாவளிக்கு மகள் வரவில்லை என்றால் மாசிலாமணி தெருவில் தலைகாட்ட முடியாது. அதைவிட, மேகலை இல்லாத வீட்டில் அவருக்குச் சோறே இறங்கவில்லை. அவள் எப்போது வருவாள் என்று காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. வீடியோ இருக்கிறது, வீடியோவில் சந்தனம் இருக்கிறது.

அந்தத் தைரியத்தைக் கெட்டிப்படுத்த வந்தவன் பரிதி, மாசிலாமணியின் தங்கை மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்கு வந்தவன் நான்கு கடைகளையும் சுற்றிப் பார்த்தான். ஒழுகுகிற கூரை, நினைத்தபோது போகிற கரண்ட், நினைத்தால்கூட மூடாத ஜன்னல். ஊருடைய கல்யாணமெல்லாம் இதற்குள் கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டு, நான்கு கடைக் கம்ப்யூட்டர்களையும் ஒயர் இழுத்து ஒன்றோடொன்று இணைத்தான். பிறகு நால்வரையும் உட்கார வைத்து விளக்கினான்.

"ஒரு கல்யாணத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூணு இடத்துல வைக்கும். கம்ப்யூட்டர் வரும் போகும், அதை நம்ப முடியாது. அதனால நடுநடுவுல ஒண்ணையொண்ணு இருக்கியான்னு கேட்டுக்கும். பதில் வரலைன்னா அது போயிருச்சுன்னு வெச்சுக்கும். போனதுக்கு ஈடா உடனே இன்னொரு இடத்துல பிரதி வெச்சுரும். போனது திரும்பி வந்துட்டா, கூடுதலா இருக்கற பிரதியை எடுத்துரும். எல்லாம் அதுவே பாத்துக்கும் மாமா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

சொன்னது அத்தனையையும் நால்வரும் எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டார்கள், அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றைத் தவிர.

பரிதி பஸ் ஏறியதும் நால்வரும் மாசிலாமணியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அது மற்றதைக் கேட்கிறதா என்று கவனித்தார்கள். அம்பலவாணன் பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம்தான் வந்தது. இருக்கியா என்று ஒரு வார்த்தை வரவில்லை. நெடுநேரம் யோசித்து, இது வேலை செய்யாமல் ஏமாற்றுகிறது, நாமே நேரில் போய்க் கேட்பதுதான் பத்திரம் என்றார். குப்புராஜ் அதுதான் சரி என்றார். சூசை அதற்குள் கேட்கப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் மாசிலாமணி கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்பலவாணன் கடை பூட்டியிருந்தது. ஷட்டரைத் தட்டி, மரியாதையாக, "இருக்கீங்களா?" என்று கேட்டார். ஷட்டர் பதில் சொல்லவில்லை. சூசை கடையும் பூட்டு, குப்புராஜ் கடையும் பூட்டு. அதே நேரத்தில் அந்த மூவரும் தெருவில் ஆளுக்கொரு பூட்டின் முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு வளைந்து போவதால் ஒருவர் கண்ணில் ஒருவர் படவில்லை. பட்டிருந்தாலும் கேள்வியை ஆளிடம் கேட்கலாம் என்று தோன்றியிருக்காது. கடையில்தானே கேட்கச் சொன்னது.

மாசிலாமணி திரும்பி வந்து சுழல் நாற்காலியில் சாய்ந்தார். மூன்றும் போய்விட்டன, இனி எல்லாப் பாரமும் தன் தலையில்தான் என்று துக்கப்பட்டார். எங்கே அழுத்தினால் எது நகலாகும், எங்கே அழுத்தினால் எது அழியும் என்று பரிதி காட்டிவிட்டுப் போயிருந்தான். அவன் செய்த ஒரே தவறு அது. மேகலை கல்யாணத்தின் எல்லாத் துண்டுகளையும் மாசிலாமணி தன் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொண்டார். மற்ற மூன்று கடைகளிலும் அதே துக்கத்தோடு அதே வேலை நடந்து முடிந்தது.

சாயங்காலம் டீக்கடையில் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மகிழ்ச்சி அடங்கியதும் அம்பலவாணன் கணக்கைக் கவனித்தார். மூன்று பிரதி போதும் என்றான் பரிதி. இப்போது நான்கு இருக்கிறது. ஒன்றை எடுத்தாக வேண்டும்.

"தலைவர்கிட்ட இருக்கட்டும் அண்ணே. நான் என்னோடதை எடுத்துர்றேன்," என்றார் சூசை.

"வயசுல மூத்தவன் நான். விட்டுக்கொடுக்கறதுன்னா நான்தான் விட்டுக்கொடுக்கணும்," என்றார் அம்பலவாணன்.

"பொண்ணு என்னோட பொண்ணு. கல்யாணத்தை ஊரெல்லாம் வெச்சிருக்கறப்ப நானும் வெச்சிருந்தா பேராசைன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார் மாசிலாமணி.

இப்படிப் பெருந்தன்மை முற்றிக்கொண்டே போனதே தவிர முடிவு வரவில்லை. டீக்கடைக்காரர் போதும் கிளம்புங்க என்றதும் எழுந்தார்கள். மற்ற மூவரும் வாய்ச்சொல்லில் தாராளம் காட்டுகிறார்கள், உண்மையான தியாகத்தை நாம்தான் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்மானித்துக்கொண்டு போனார்கள். மாசிலாமணி கடையைத் திறந்து, மகளை நினைத்துக்கொண்டு, அழிக்கிற இடத்தில் அழுத்தினார். மனசு லேசாயிற்று. கம்ப்யூட்டரும் லேசாயிற்று.

குப்புராஜும் அழிக்கத்தான் தொடங்கினார். பாதியில் டீக்கடைக்காரர் கடைசியாகச் சொன்ன போதும் என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. உடனே நிறுத்திவிட்டார். அதனால் அவரிடம் ஒரே ஒரு துண்டு தப்பியது. சாய்ந்தமங்கலத்தில் அன்று நடந்த ஒரே நல்ல காரியம் டீக்கடைக்காரருடையது.

மறுநாள், நால்வருமே அழித்துவிட்ட விஷயம் தெரிந்ததும் மாசிலாமணி பரிதிக்குப் போன் போட்டார். நடந்ததைப் பரிதி இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னான். பிறகு, இருக்கிற அந்த ஒரு துண்டையாவது போக விட்டுவிடாதீர்கள், தீபாவளிக்கு வந்து பார்க்கிறேன் என்று ஈனக்குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

போக விடாமல் இருக்க வேண்டுமென்றால் எப்படிப் போகும் என்று தெரிய வேண்டும். நால்வரும் குப்புராஜ் கடையில் கூடி ஆராய்ந்தார்கள். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு ஜன்னல் வழியாக வெளியே போவதைச் சூசைதான் கண்டுபிடித்தார். இத்தனை நாளும் கம்ப்யூட்டர்கள் போனது இந்த வழியாகத்தான் என்று தெரிந்து எல்லாருக்கும் வயிறு எரிந்தது. ஒயரை வெட்டினார்கள். கரண்ட் ஒயரை மட்டும் விட்டுவைத்தார்கள். அதில் கரண்டே ஒழுங்காக வருவதில்லை, வேறு எது போய்விடப் போகிறது என்றார் அம்பலவாணன். ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். பெட்டியை மாட்டுக் கயிற்றால் தூணில் கட்டினார்கள். முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கியா என்று கேட்டு வந்தார்கள். அது இருந்தது.

துண்டில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் போய்விடும் அல்லவா. மாசிலாமணிக்கு அதில் சந்தேகமும் இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமான துண்டு சந்தனத் துண்டு. ஆகவே மிஞ்சியிருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

புரட்டாசி முடிகிற சமயம் சம்பந்தி அம்மாள் மகனோடும் மருமகளோடும் வந்து இறங்கினார். நேரே குப்புராஜ் கடைக்கு அழைத்துப் போனார்கள். தூணில் கட்டிய கம்ப்யூட்டரைப் பார்த்து அம்மாள் ஒரு அடி தள்ளியே உட்கார்ந்தார். மாசிலாமணி கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு திறக்கச் சொன்னார்.

திரையில் சாப்பாட்டுப் பந்தி தெரிந்தது. நடு இலையில் சம்பந்தி அம்மாள். பாயசம் ஊற்றுகிறார்கள், கையை அசைத்து இன்னும் என்கிறார். மறுபடி ஊற்றுகிறார்கள். மறுபடி அசைக்கிறார். கேமராவைப் பிடித்திருந்த சூசை வேறெங்கும் திருப்பாமல் அந்தக் கையையும் அந்த முகத்தையுமே காட்டியிருந்தார். நெற்றி துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. சந்தனம் இருந்த சுவடே இல்லை.

"கிளம்புடா," என்று அம்மாள் மகனிடம் சொன்னார். மேகலை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் மாசிலாமணிக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. போனதற்கு ஈடாக உடனே இன்னொன்று என்பதுதானே முறை. சந்தனத் துண்டு போயிற்றா, இன்னொரு சந்தனத் துண்டு செய்துவிட்டால் போயிற்று. செண்பகவல்லியைச் சந்தனக் கிண்ணத்தோடும் பன்னீர்ச் செம்போடும் வரச் சொன்னார். வாசலில் நின்று அம்மாளை வரவேற்பதைச் சூசை வீடியோ எடுத்தார். இதெல்லாம் எதற்கு என்று அம்மாள் முதலில் முறைத்தார். கேமரா தன் பக்கம் திரும்பியதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சந்தனம் நெற்றியில் பட்டதும் முகம் மலர்ந்தது.

மூன்று இடத்தில் வைக்க வேண்டும் என்று அம்பலவாணன் நினைவூட்டினார். ஆகவே அம்மாளை அம்பலவாணன் கடை வாசலுக்கு நடத்திக் கொண்டுபோய் அங்கே ஒருமுறை சந்தனம் வைத்தார்கள். பிறகு சூசை கடை வாசலில் ஒருமுறை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பிறந்ததிலிருந்து இத்தனை மரியாதையை அம்மாள் கண்டதில்லை. நெற்றியில் சந்தனம் வரட்டி கனத்துக்கு ஏறியிருந்தது. அதைத் துடைக்கவே மனசு வராமல், தலைதீபாவளிக்கு வருகிறோம் சம்பந்தி என்று நெகிழ்ந்து சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். மாசிலாமணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருந்தால் வேறு யாராவதாக இருந்திருப்பார்கள். மாசிலாமணிக்கு இப்போது ஒரு பெரிய உண்மை பிடிபட்டிருந்தது. பரிதி சொன்ன முறை கம்ப்யூட்டருக்கு எப்படியோ, மனிதர்களுக்கு அபாரமாகப் பொருந்துகிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் மேகலையும் வந்து சேர்ந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. மேகலை சமையலறையில் சிரிக்கிற சத்தம் கேட்டு மாசிலாமணி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். இந்தச் சந்தோஷம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்ற கவலையும் கூடவே வந்தது. சங்கத்தைக் கூட்டினார். சம்பந்தி அம்மாளை நடுநடுவே கேட்டுக்கொண்டே இருப்பது என்று முடிவாயிற்று.

அம்மாள் காபி குடிக்கும்போது சூசை வந்து, "சம்பந்தி அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மாள் சிரித்துக்கொண்டே இருக்கேன் என்றார். சாப்பிடும்போது அம்பலவாணன் கேட்டார். படுத்தபோது குப்புராஜ் கேட்டார். கண் அயர்ந்தபோது மாசிலாமணியே கதவைத் தட்டிக் கேட்டார். அம்மாளின் இருக்கேன் போகப் போகச் சுருங்கி, விடிவதற்குள் வெறும் உறுமலாயிற்று.

விடிந்ததும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அம்மாள் குளிக்கப் போனார். கதவைத் தாழிட்டுத் தண்ணீரை மொண்டதும் வெளியே சூசையின் குரல் கேட்டது. இனி ஒரு பதிலும் சொல்வதில்லை என்று அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெளியே நால்வரும் கூடினார்கள். பதில் வரவில்லை என்றார் சூசை.

"தண்ணி ஊத்தற சத்தம் கேக்குதே," என்றார் குப்புராஜ்.

அம்பலவாணன் யோசித்தார். "தண்ணிச் சத்தம் பதில் ஆகாது. அன்னைக்குக் காத்தாடிச் சத்தம் பதிலாச்சா?"

அதற்கு மறுப்பே இல்லை. முறை முறைதான், போனதுக்கு ஈடு உடனே வைத்தாக வேண்டும் என்றார் மாசிலாமணி. சூசை ஓடிப்போய்க் குப்புராஜின் அம்மா ராமாயியை அழைத்து வந்தார். சம்பந்தி அம்மாளுக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை ராமாயிக்குக் கொடுத்து, நெற்றியில் சந்தனம் வைத்து, கூடத்தில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ராமாயி, பலகாரம் உண்டுதானே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சம்பந்தி அம்மாள் வெளியே வந்தார். தன் நாற்காலியில், தன் புடவையில், வாய் நிறைய அதிரசத்தோடு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு இது?"

"சம்பந்தி அம்மா," என்றார் மாசிலாமணி பணிவாக.

"அப்ப நான் யாரு?"

இது நால்வருக்கும் புதுச் சிக்கல். போனது திரும்பி வந்திருக்கிறது. அம்மாள் எதிரே நிற்கும்போதே அம்பலவாணன் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். இப்போது இரண்டு இருக்கின்றன, கூடுதலாக இருப்பதை எடுத்துவிட வேண்டும் என்றார். எது கூடுதல் என்று கேட்டார் சூசை. முதலில் இருந்தவர் இவர்தான் என்று குப்புராஜ் ஈரத்தலையைக் காட்டினார். இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர் ஆயிற்றே என்று சூசை சொன்னதும் குப்புராஜ் அதுவும் சரி என்றார். மாசிலாமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

"சம்பந்தி அம்மாளுக்கு நாம சந்தனம் வெச்சோம். தெருவே சாட்சி. இந்தம்மா நெத்தியில சந்தனம் இல்லை," என்றார். "எடுத்துர வேண்டியது இவங்களைத்தான்."

சம்பந்தி அம்மாள் ஈரத்தலையோடே பையை எடுத்தார். மாப்பிள்ளை தன் பையை எடுத்தார். இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில்கூட இப்படியொன்றைக் கண்டதில்லை என்பதுபோல் செண்பகவல்லி கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தானும் செருப்பை மாட்டிக்கொண்டாள். மேகலை வாசல்படியில் திரும்பி நின்றாள்.

"அப்பா, நானும் போறேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. அருகே போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நீ கவலைப்படாமப் போயிட்டு வாம்மா. உன் இடத்தை அப்பா ஒரு நிமிஷம்கூடக் காலியா விட மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். கொஞ்ச நேரத்தில் பரிதி போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை, தீபாவளி எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு, எல்லாரும் இருக்கிறார்களா என்று கேட்டான்.

மாசிலாமணி கூடத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். சம்பந்தி அம்மாள் இடத்தில் ராமாயி அடுத்த அதிரசத்தை எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மணையில் அம்பலவாணன் புது வேட்டியில் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, மீசையில் எண்ணெய் வழிய, மகள் இடத்தில் சூசை. பால் ஊற்ற வந்த பால்காரர் செண்பகவல்லியின் இடத்தில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். குப்புராஜ் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இருக்காங்கடா," என்றார் மாசிலாமணி. ஆனந்தத்தில் அவர் குரல் உடைந்தது. "நீ சொன்ன முறை முறைதான். ஒரு ஆள் குறையலை."